முதலில் மாட்டினவள்

முதலில் மாட்டினவள்தான் முதலில் வாங்கினவள். எனக்குக் கிடைத்த தீர்ப்பு இது. என் மாமியார் இதைச் சொன்னாள். ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டரம்மாவும் இதைத்தான் சொன்னார். என்னைப் பெற்ற அப்பா வாயைத் திறக்காமலே சொன்னார்.

இதில் யார் பேரும் எழுதப் போவதில்லை. என்னைக் கட்டினவன் மேல் இரக்கப்பட்டு அல்ல. எச்.ஐ.வி. இருக்கிறவர்கள் பேரை வெளியே சொல்லக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டம் என்னைக் காப்பாற்றுகிறது, என் மகளைக் காப்பாற்றுகிறது, கூடவே அவனையும் காப்பாற்றுகிறது. அவன் பேரை எழுதினால் என் பேரும் தெரிந்துவிடும். என் பேர் தெரிந்தால் நாளைக்கு என் மகளைப் பள்ளிக்கூடத்தில் எங்கே தள்ளி உட்கார வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் பேர் கிடையாது. மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி.

நான் தருவைகுளத்துக்காரி. அப்பாவுக்கு வள்ளம். நான் தூத்துக்குடியில் ஒரு இறால் ஏற்றுமதிக் கம்பெனியில் தலை கிள்ளுகிற வேலைக்குச் சேர்ந்து, பிறகு தரம் பிரிக்கிற மேசைக்குப் போனேன். கல்யாணத்துக்கு முன்னும் அதே வேலை, பின்னும் அதே வேலை, இன்றைக்கும் அதே வேலை.

அவன் கப்பலில் போனவன். எங்கள் பக்கம் கப்பல்காரன் என்றால் உடம்பைப் பற்றி யாரும் விசாரிக்க மாட்டார்கள். கப்பலில் ஏற்றும் முன் ரத்தம், மூத்திரம், கண், காது, நெஞ்சுப் படம் என்று எல்லாம் பார்க்கிறார்கள், அதில் தேறினவனுக்கு ஒரு குறையும் இருக்காது என்பது எங்கள் ஆட்களின் நினைப்பு. அப்பா கடற்கரையில் மற்ற வள்ளத்துக்காரர்களிடம் பெருமையடித்ததை நானே கேட்டேன்.

"ஏலே, என் மாப்பிள்ளைய நான் என்னத்த விசாரிக்க? அதான் கப்பல்காரன் விசாரிச்சுட்டான்லா."

கடைசியாக எப்போது மெடிக்கலில் தேறினாய் என்று மட்டும் யாரும் அவனைக் கேட்கவில்லை. கல்யாணத்துக்குச் சில வருஷம் முன்பே அவன் கப்பலை விட்டிருந்தான். துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒரு ஏஜென்சியில் வேலை பார்த்தான். அம்மாவுக்கு வயசாகிவிட்டது, கடல் போதும் என்று சொன்னான். தங்கமான பிள்ளை என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கோயிலில் ஓலை வாசித்தார்கள். எங்கள் கத்தோலிக்க சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் பெண் மாப்பிள்ளை பேரைப் படித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் வந்து தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று சொல்லுவார். அவனுடைய அக்கா, எனக்கு மதினி, மூன்று ஞாயிறும் பெண்கள் பக்கம் முதல் வரிசையில் முக்காடு போட்டு இருந்தாள். யாரும் எழுந்து போகவில்லை. கல்யாணம் நடந்தது.

உண்டானேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் கர்ப்பிணி எல்லாருக்கும் எடுக்கிற ரத்தத்தை எனக்கும் எடுத்தார்கள். அதில் எச்.ஐ.வி.யும் பார்ப்பார்கள். நம்பிக்கை மையம் என்று போர்டு போட்ட அறைக்கு என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, ஒரு அம்மா மெதுவாகச் சொன்னார். நல்லவர்தான். வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு வராமல் தடுக்கலாம், இன்றைக்கே மருந்து தொடங்கலாம் என்றார். பிறகு, "வீட்டுக்காரரக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

மத்தியானம் அவன் சாப்பிட வந்தான். சோற்றைப் போட்டுவிட்டுச் சொன்னேன். அவன் கை நிற்கவில்லை. பிசைந்துகொண்டே, "யார் யார்ட்ட சொன்ன?" என்று கேட்டான்.

எப்படி வந்தது என்று கேட்கவில்லை. யாரால் வந்தது என்று கேட்கவில்லை. டாக்டர் தப்பாகச் சொல்லியிருப்பார் என்றுகூடச் சொல்லவில்லை. அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை. தலையில் இடி விழுந்தவளுக்கு அடுத்தவன் என்ன கேட்டான், என்ன கேட்கவில்லை என்பதா தெரியும்?

அவனும் போய் ரத்தம் கொடுத்தான். இருக்கிறது என்று வந்ததும் அம்மா மடியில் விழுந்து அழுதான். என் மாமியார் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எம் பிள்ள ஒலகம் பூரா சுத்துனான். அப்பல்லாம் வராதது உன்னக் கெட்டுன பொறவு வந்துட்டு. கம்பெனில ஷிப்ட்டு ஷிப்ட்டுன்னு போனியே, எவன்ட்டளா வாங்குன?"

அவன் எதிரே நின்றான். சும்மா நின்றான்.

தெருவில் நோய் பேரை அவள் சொல்லவில்லை. சொன்னால் மகனுக்கும் அதுதான் என்று தெரிந்துவிடும். "அவ ஒரு மாதிரி. எம் பிள்ளைக்குத் துரோகம் பண்ணிட்டா" என்று மட்டும் சொன்னாள். அது போதும். தண்ணீர்க் குழாயில் எனக்கு இடம் விட ஆரம்பித்தார்கள், மரியாதைக்காக இல்லை.

மருந்து சாப்பிட்டேன். ஒரு நாள் தவறவில்லை. மகள் பிறந்தாள். அவளுக்கும் சொட்டு மருந்து கொடுத்தார்கள், திரும்பத் திரும்ப ரத்தம் எடுத்தார்கள். கடைசிப் பரிசோதனையிலும் பிள்ளைக்கு இல்லை என்று வந்தது. நான் ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

பிள்ளைக்கு இல்லை என்று தெரிந்த பிறகுதான் அவர்களுக்குப் பிள்ளை வேண்டியிருந்தது. அதுவரை தூக்கக்கூட இல்லை. அவன் என் மேல் புகார் கொடுத்தான். கல்யாணத்துக்கு முன்பே எனக்கு நோய் இருந்ததாம், தெரிந்தே மறைத்து வேண்டுமென்றே அவனுக்குப் பரப்பினேனாம். குடும்ப நீதிமன்றத்திலும் போட்டான். கல்யாணம் செல்லாது, இப்படிப்பட்டவளிடம் பிள்ளை வளரக் கூடாது, எங்களிடம் கொடுங்கள் என்று.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டரம்மா அதட்டவில்லை. சலிப்பாகக் கேட்டார்.

"ஏம்மா, மொதல்ல பாசிட்டிவ் வந்தது உனக்குத்தான?"

"பிள்ளத்தாச்சின்னா கேக்காமலே பாத்துருதாவ மேடம். அவருக்கு யாரு பாத்தா?"

"அப்ப அவரு உனக்குக் குடுத்தாருன்னு ஆதாரம் இருக்கா?"

"நான் குடுத்தேன்னு அவருட்ட இருக்கா?"

"அதான சொல்லுதேன். உனக்குத்தான மொதல்ல வந்துருக்கு."

சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நின்றது. பெண்ணுக்கு வயிறு வாய்த்தால் ரத்தம் பார்ப்பார்கள். ஆணுக்கு எதற்குப் பார்ப்பார்கள்? முதலில் அகப்படுகிறவள் பெண்ணாகத்தான் இருப்பாள். எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து வாங்க வரிசையில் நிற்கிற பெண்களில் பாதிப் பேர் கதை இதுதான். இதைச் சொன்னால் ஒருவருக்கும் காதில் ஏறவில்லை.

புருஷன் வீட்டில் இருக்க முடியவில்லை. தருவைகுளத்துக்குப் போனேன். அப்பா கட்டிலில் உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். தங்கச்சிக்கு வரன் பார்க்கிற நேரம் என்று அம்மா சொன்னாள். முத்தையாபுரத்தில் ஒரு அறை வாடகைக்கு எடுத்தேன். சன்னலைத் திறந்தால் துறைமுகத்து நிலக்கரித் தூசி, மூடினால் வேக்காடு. துவைத்துப் போட்ட பிள்ளையின் சட்டை காய்ந்து எடுக்கும்போது சாம்பல் நிறத்தில் இருக்கும். வேலைக்குப் போகும்போது பக்கத்து அறைக்காரியிடம் பிள்ளையை விட்டுப் போவேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரே நினைப்புதான். இன்றைக்கு வந்து தூக்கிக்கொண்டு போயிருப்பார்களோ? பூட்டு தொங்குமோ?

இலவச சட்ட உதவியில் ஒரு வக்கீலம்மா கிடைத்தார். எட்டயபுரம் பக்கத்துக்காரர். எல்லாம் கேட்டுவிட்டு, "சாட்சின்னு ஆள் யாரும் இல்ல. ரத்தத்தையே கேட்டுப் பாப்போமா?" என்றார்.

"கேட்டா சொல்லுமா?"

"கொஞ்சம் சொல்லும். ஆனா ஒன்னு. உனக்கு எதிரா வந்தாலும் அதுதான் ஆதாரம். பிள்ள கைய விட்டுப் போயிரும்."

"எதிரா வராது."

"எங்கிட்ட வார எல்லாரும் அதத்தான் சொல்லுதாவ."

அந்த வக்கீலம்மாவை எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.

நீதிபதி தனி அறையில் விசாரித்தார். முதலில் அவன் ரத்தம் கொடுக்க மாட்டேன் என்றான். புகார் கொடுத்தவனே கொடுக்காவிட்டால் நன்றாக இருக்காது என்று அவன் வக்கீல் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். கொடுத்தான். வெளியூர் ஆய்வகத்திலிருந்து ஒரு டாக்டர் வந்தார். கோர்ட் ஆள் பக்கத்தில் நிற்க, இருவரிடமும் எடுத்து, குப்பியில் பேர் இல்லாமல் எண் மட்டும் ஒட்டி, அரக்கு வைத்து மூடினார்கள்.

அந்த டாக்டரிடம் நான் நேராகவே கேட்டேன். யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று சொல்லிவிடுவீர்களா என்று.

"இந்தக் கிருமி ஒரே மாதிரி இருக்காதும்மா. ஒரு உடம்புக்குள்ளயே மாறிக்கிட்டே இருக்கும். நாளாக நாளாக விதவிதமா பெருகும். இன்னொருத்தருக்குப் போகும்போது அதுல ஒன்னு ரெண்டு வகைதான் போகும். போன எடத்துல அது தனியா மாற ஆரம்பிக்கும். ரெண்டு பேரோடதையும் எழுத்தெழுத்தா படிச்சு ஒப்பிட்டா, எது எதுல இருந்து கிளைச்சிருக்கும்னு ஓரளவு தெரியும்."

"ஓரளவா?"

"சம்பந்தம் இல்லைன்னா அத உறுதியா சொல்லிடலாம். ஆமான்னு அவ்வளவு உறுதியா சொல்ல முடியாது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பொறவு என்னத்துக்கு சார் ரத்தத்த எடுக்கிய? எம் பிள்ள போனா ஓரளவா போகும்?"

அவர் கோபப்படவில்லை. இன்னொன்று சொன்னார். ஒரே ஊரில் சுற்றுகிற கிருமிகள் ஒன்றுக்கொன்று சாடை ஒத்துத்தான் இருக்குமாம். எங்கள் இருவருடையதும் நெருக்கம் என்று சொல்ல வேண்டுமானால், எங்களோடு எந்தத் தொடர்பும் இல்லாத, இதே பக்கத்து ஆட்களின் ரத்தமும் வேண்டுமாம். அவர்களுடையதைவிட எங்களுடையது நெருங்கியிருக்கிறதா என்று பார்க்க. இல்லாவிட்டால் எதிர் வக்கீல் ஒரே கேள்வியில் உடைத்துவிடுவார் என்றார்.

எங்கே போவது? மாதா மாதம் கூட்டு மருந்து வாங்குகிற இடத்தில்தான் கேட்டார்கள். விருப்பப்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம், பேர் இருக்காது, யாருக்காக என்றும் சொல்ல மாட்டோம் என்றார்கள். ஆனால் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பெண்களுக்குத் தெரியாத விஷயம் உண்டா? மீன் விற்கிற அக்கா ஒருத்தி, என்னைவிட மூத்தவள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தாள்.

"ஏளா, எங்க ரத்தத்துல உம் புருஷனத் தேடப் போறியாமே?"

"தேடல்லக்கா. அங்கன இல்லைன்னு காட்டத்தான்."

"இருந்துட்டா?"

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. லாரிக்காரர் ஒருவரின் பெண்சாதி, புருஷன் செத்துப்போனவள், "இருந்துட்டா இவளுக்கு ஒரு சக்களத்தி. தீவாளி பொங்கலுக்குப் போக வர ஒரு வீடு ஆச்சு" என்றாள்.

"எனக்கு வேண்டாந்தாயி அந்த மாப்பிள்ள. ஒருத்தன் குடுத்த சீரே காலத்துக்கும் போதும்" என்றாள் மீன்கார அக்கா.

ஒருத்தி மட்டும் சிரிக்காமல் எழுந்து போனாள். அவள் பயம் அவளுக்கு. இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. வேண்டாம் என்றவர்கள் நிறைய. மீன்கார அக்கா கடைசியில் சேலைத் தலைப்பை ஒதுக்கிக் கையை நீட்டினாள்.

"எனக்கு யாரு குடுத்தான்னு எனக்குத் தெரியும். குழிக்குள்ள போயிட்டான், கேக்க முடியாது. நீயாவது கேளு."

கையில் அவளுக்கு நரம்பே கிடைக்கவில்லை. திரும்பத் திரும்பக் குத்தினார்கள். அவள் நர்ஸைத் திட்டிக்கொண்டே இருந்தாள், கையை இழுக்கவில்லை.

பிறகு காத்திருந்தேன். அந்தக் காலத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இறால், பஸ், அறை, பிள்ளை. என் உடம்புக்குள் ஓடுகிற ஒன்று எனக்காகப் பேசுமா, எனக்கு எதிராகப் பேசுமா என்று காத்திருப்பது எப்படி என்றால், திருடனைப் பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டு அவன் நல்ல வாக்குச் சொல்ல வேண்டும் என்று வேண்டிக்கொள்வது மாதிரி.

அறிக்கை வந்தது. டாக்டரும் வந்திருந்தார். வக்கீலம்மாவின் அறையில் வைத்து அவர் எனக்கு விளங்குகிற மாதிரி சொன்னார்.

ஊர்க்காரர்களின் கிருமியெல்லாம் தள்ளித் தள்ளி நிற்கிறது. எங்கள் இருவருடையதும் மட்டும் ஒட்டி நிற்கிறது. அவனுடையது நன்றாகக் கிளை விரிந்தது, நாள்பட்டது. என்னுடையது சின்னக் கொத்து. அந்தக் கொத்து அவனுடைய கிளைகளில் ஒன்றுக்குள்ளிருந்து புறப்படுகிறது.

"இன்னொன்னும் இருக்கும்மா. உங்க கிருமியில ஒரு தழும்பு இருக்கு. முன்னால ஒரு மருந்து குடுத்துக்கிட்டிருந்தாங்க. உங்களுக்குக் குடுக்கறதுல அது கிடையாது. அந்தப் பழைய மருந்த விட்டு விட்டுச் சாப்பிட்டா, கிருமி அதுகிட்ட இருந்து தப்பிக்கக் கத்துக்கும். அந்தத் தழும்பு உங்க கிருமியில இருக்கு. நீங்க அந்த மருந்தத் தொட்டதே இல்ல."

"அவருக்கு?"

"அவருக்கும் அதே தழும்பு. கூட வேற ரெண்டும் இருக்கு. ஆனா எந்த மருந்தும் இதுக்கு முன்னால சாப்பிட்டதே இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்கார்."

எனக்கு எங்கள் கம்பெனி ஞாபகம் வந்தது. பண்ணை இறால் வந்தால் சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்புவோம். பண்ணைக்காரர் நெஞ்சில் கை வைத்து, "மாதா சத்தியமா மருந்தே போடலம்மா" என்பார். லேபில் மருந்து இருக்கிறது என்று வரும். சரக்கு திரும்பும். அது வேறு, இது வேறு என்று டாக்டர் சொன்னார். இறாலில் மிஞ்சுவது மருந்து, இதில் மிஞ்சியது மருந்து பட்ட வடு. எனக்கு இரண்டும் ஒன்றுதான். உடம்பு சொல்லிவிட்டது.

ஆனால் அறிக்கையில் எழுதியிருந்த வார்த்தை வேறு. அவரிடமிருந்து இவருக்குப் பரவியது என்பதோடு ஒத்துப்போகிறது. இவரிடமிருந்து அவருக்குப் பரவியது என்பதோடு ஒத்துப்போகவில்லை. பரிசோதிக்கப்படாத மூன்றாம் நபரை முற்றிலும் விலக்க இயலாது.

"ஒத்துப்போகிறதா? அவன் குடுத்தான்னு நாலு எழுத்து எழுதக் கூடாதா சார்?"

"அத எழுதினா நாளைக்கு என்னயே பொய்யன்னு சொல்லிருவாங்கம்மா."

வக்கீலம்மா மேசைக்கு அடியில் என் தொடையைக் கிள்ளினார். வாயை மூடு, இது போதும் என்று அர்த்தம்.

"தெரிஞ்சே செஞ்சானா? அது ரத்தத்துல இருக்கா?" என்று கேட்டேன்.

"அது ரத்தத்துல இருக்காது" என்றார். எழுந்து போகும்போது, நான் கேட்காமலே ஒன்று சொன்னார். ஒழுங்காக மருந்து சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்தவர்களிடமிருந்து உடலுறவில் பரவாதாம். என் மருந்தைப் பற்றி எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொல்லியிருப்பார்.

பஸ்ஸில் வரும்போது அது வேறு மாதிரி ஏறியது. கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டில் ஒரு மாத்திரை கிடையாது. காய்ச்சல் மாத்திரைகூட நான்தான் வாங்கி வைத்தேன். கப்பலில் போன உடம்பு, ஒரு மருந்தும் தேவையில்லை என்று என் சேக்காளிகளிடம் பெருமை பேசியிருக்கிறேன். அவன் சாப்பிட்டிருந்தால் எனக்கு வந்திருக்காது. சாப்பிடாததால் நான் ஆரோக்கியம் என்று நம்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் மதினி முத்தையாபுரத்துக்கு வந்தாள். பிள்ளைக்கு ஒரு கவுன் வாங்கி வந்திருந்தாள். அறையில் ஒரே நாற்காலி. அவள் தரையில் உட்கார்ந்தாள். அறிக்கை அவன் வக்கீலுக்கும் போயிருந்தது.

"புகார வாபஸ் வாங்கச் சொல்லுதேன். பிள்ள ஒங்கிட்டயே இருக்கட்டும். நீ அவன் மேல கேஸ் போடாத."

"அவனுக்கு எப்ப தெரியும் மதினி?"

கவுன் பொட்டலத்தைப் பிள்ளையிடம் நீட்டினாள். நான் விடவில்லை. "எப்ப தெரியும்?"

"பம்பாயில மறுபடி கப்பலேறப் போனான்லா, அந்த மெடிக்கல்ல தெரிஞ்சிட்டு. அங்கனயே மருந்து வாங்குனான். சாப்புடுவான், தல சுத்துதுன்னு விடுவான், பொறவு சாப்புடுவான்."

"பொறவு?"

"கல்யாணம்னு ஆனதும் நான்தான் சொன்னேன். வாரவ கண்ணுல மாத்திர படக் கூடாதுன்னு." தலையைக் குனிந்துகொண்டாள். "ஒளிச்சு வைன்னுதாம்ளா சொன்னேன். நிறுத்துன்னு சொல்லல."

அவன் ஒளித்து வைக்கிற சிரமத்தைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. நிறுத்திவிட்டான். ஒரு மாத்திரை டப்பாவை மறைக்க இடம் தேடுவதைவிட என் உடம்பில் மறைப்பது அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

"மூணு ஓல வாசிச்சாவளே மதினி. மூணு ஞாயிறும் நீங்க முன்னாலதான இருந்திய?"

"இருந்தேன்."

"சாமியார் கேட்டது காதுல விழலயா?"

"விழுந்துச்சு." சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். "தடைன்னா ஒறவுமொற தப்பி இருக்கது, முன்னாலயே ஒரு கல்யாணம் ஆயிருக்கது, அதத்தான கேக்காவ? சீக்கையா கேக்காவ?"

நடிக்கவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறாள். சாமியாரிடம் செய்கிற பாவசங்கீர்த்தனத்தில்கூட இதைச் சொல்லியிருக்க மாட்டாள், பாவம் என்று தோன்றினால்தானே. அவளை அடிக்கக் கை வந்தது. பிள்ளை அவள் மடியில் ஏறிப் புதுக் கவுனைப் பிரித்துக்கொண்டிருந்தது. அடிக்கவில்லை.

"இத கோர்ட்டுல வந்து சொல்லுவியளா?"

"எனக்கும் ரெண்டு பொம்பளப் பிள்ளைய இருக்குளா."

அவ்வளவுதான். போய்விட்டாள்.

வக்கீலம்மாவிடம் சொன்னேன். அவர் அறிக்கையை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டார். யாரிடமிருந்து யாருக்கு என்பதற்கு ரத்தம் இருக்கிறது. அவனுக்குத் தெரிந்திருந்தது என்பதற்குத் தழும்பு கொஞ்சம் பேசும், ஆனால் அவன் வாயைத் திறக்காமல், அக்காவும் சாட்சிக்கு வராமல், அதை வைத்து வேண்டுமென்றே செய்தான் என்று நிரூபிப்பது நெடுநாள் இழுக்கும் என்றார். அதுவரை பிள்ளை யாரிடம் என்பதும் தொங்கும். "நீ சொல்லு, நான் போடுதேன்" என்றார். அவர் போட்டிருப்பார், எனக்குத் தெரியும்.

நான் பிள்ளையை எடுத்துக்கொண்டேன். அவன் புகாரையும் வழக்கையும் திரும்பப் பெற்றான். நான் அவன் மேல் எதுவும் போடவில்லை. பிள்ளை என்னிடம். மாதத்தின் முதல் ஞாயிறு பூசை முடிந்து கோயில் வளாகத்தில் அவன் பிள்ளையைப் பார்க்கலாம், மத்தியானத்துக்குள் திருப்பித் தர வேண்டும். எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டேன். ஏன் போட்டாய் என்று இதைப் படிக்கிறவர்கள் கேட்கலாம். உங்கள் பிள்ளையை எதிரே உட்காரவைத்துக்கொண்டு அந்தப் பேனாவைப் பிடித்துப் பாருங்கள்.

தருவைகுளத்துக்குப் போய் அப்பாவிடம் மட்டும் எல்லாம் சொன்னேன். கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப அந்தக் கப்பல் மெடிக்கலு?"

"அதுல தேறலப்பா. அதான் கப்பலயே விட்டான்."

எழுந்து நின்றார். "எல்லாப் பயலும் ஒன்னத் தப்பாப் பேசுதானுவ. நான் போயி வள்ளத்துல வச்சு சொல்லட்டா?"

"சொல்லக் கூடாதுப்பா."

"ஏன்?"

"சொன்னா எனக்கும் இருக்குன்னு ஆயிரும். பொறவு பிள்ளைக்கும் இருக்கும்னு ஆக்கிருவாவ."

அவர் என் தலையில் கை வைத்தார். கையில் டீசல் வாடை. இப்போது அவரும் இதற்குள் மாட்டிக்கொண்டார்.

முதல் ஞாயிறு வருகிறது. பூசை முடிந்து எல்லாரும் வெளியே வருகிறபோது, அவன் இஸ்திரி போட்ட சட்டையில், கையில் மக்ரூன் பொட்டலத்தோடு, கொடிமரத்துப் பக்கத்தில் நிற்பான். போகிற வருகிறவர்கள் அவனை நின்று பார்த்துப் போவார்கள். அவள் அத்தனை செய்தும் பிள்ளைக்காக மாதம் தவறாமல் வருகிறான் பார், என்ன மனசு என்று என் காதுபடவே பேசுவார்கள். மெழுகுவர்த்தி விற்கிற அம்மா அவனுக்கு மட்டும் ஸ்டூலை நகர்த்திப் போடுவாள்.

என் பையில் அந்த அறிக்கையின் நகல் இருக்கும். எடுக்க முடியாது.

பிள்ளை "அப்பா" என்று அவனிடம் ஓடப் பார்ப்பாள். நான் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். அவன் குனிந்து கையை நீட்டுவான். நான் கொடுக்காமல், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்பேன்.

"மாத்திர போட்டியளா?"

முதல் தடவை கேட்டபோது அவன் முகத்தில் ரத்தம் இல்லை. சுற்றுமுற்றும் பார்த்தான். நான் பிள்ளையை விடவில்லை. மறுபடி கேட்டேன். அவன் தொடுவதால் பிள்ளைக்கு ஒன்றும் வராது, எனக்குத் தெரியும். அதற்காகக் கேட்கவில்லை. அவன் வாயால் சொல்ல வேண்டும்.

"போட்டேன்" என்றான், தரையைப் பார்த்து.

"இன்னைக்கா?"

"இன்னைக்கும் போட்டேன்."

அதன் பிறகுதான் பிள்ளையின் கையை விடுவேன். ஒவ்வொரு மாதமும் கேட்கிறேன். ஒவ்வொரு மாதமும் அவன் சொல்லித்தான் ஆக வேண்டும். போன மாதம் மெழுகுவர்த்தி அம்மா பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

"பாரேன், இம்புட்டு நடந்தும் புருஷன் ஒடம்பு மேல அவளுக்கு எம்புட்டு அக்கறன்னு."